உம் கொட்டும் இடம்

பஞ்சு கைப்பைக்குள் இருக்கிறது. ரயிலில் காற்றுக்குப் பயந்து காதில் அடைத்துக்கொண்டு வந்தது, எழும்பூரில் இறங்கும்போது எடுத்துக் கைக்குட்டையில் முடிந்து வைத்தேன், இப்போது விரலால் தடவிப் பார்த்தால் மெத்தென்று ரெண்டு உருண்டை, அங்கேதான் இருக்கிறது. வாசிக்கவென்று கூப்பிட்டிருக்கிற பெண் மேடையேறி ஆரம்பிக்கும்போது முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி தலையைக் குனிந்து ரெண்டு காதிலும் வைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது. வயசான பொம்பளை, ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொள்ளட்டும். மகளுக்குப் பரிசு கொடுக்கிற கூட்டத்தில் மகள் எழுதியதை வாசிக்கும்போது பெற்றவள் காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று பின்னால் யாராவது சொன்னாலும் சொல்லட்டும். மகள் எமல்டா, என் எமி, இருந்திருந்தால் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். எமல்டா இருந்திருந்தால் அவளே மேடையில் நின்று வாசித்திருப்பாள், எனக்குப் பஞ்சும் வேண்டியிருக்காது, இந்த முதல் வரிசை நாற்காலியும் வேண்டியிருக்காது, கடைசி வரிசையில் கதவோரமாக உட்கார்ந்திருப்பேன், கதவோரம்தான் எனக்குப் பழக்கம்.

தமிழ்க் கதையை இங்கிலீஷில் மாற்றி எழுதுகிறவர்களுக்கு வருஷா வருஷம் கொடுக்கிற பரிசாம் இது. இந்த வருஷம் என் மகளுக்கு. பேனரில் அவள் படம் போட்டிருக்கிறார்கள், ஆபீஸ் அடையாள அட்டைப் படம், அதில் அவள் சிரிக்கவில்லை, வேறு படம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். படத்துக்கு ரோஜா மாலை போடாமல் விட்டார்கள், அதுவரைக்கும் மாதாவுக்குத் தோத்திரம். எனக்கு இந்தப் பக்கம் வந்தனா, புத்தகம் போட்ட கம்பெனிப் பெண், ஆன்ட்டி ஆன்ட்டி என்று காலையிலிருந்து என் கையை விடவில்லை, நான் எங்கேயாவது உடைந்து விழுந்துவிடுவேன் என்று அதற்குப் பயம். அந்தப் பக்கம் திருவேங்கடம் ஐயா. என் மகள் இங்கிலீஷில் மாற்றின ‘கதவுக்காரி’ நாவலைத் தமிழில் எழுதினவர், லால்குடிப் பக்கத்து மனுஷன், காதில் மெஷின் மாட்டியிருக்கிறார், அது அப்பப்போ கீச்சென்று கத்துகிறது, உடனே அதைத் திருகுகிறார், பிறகு என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி தலையாட்டுகிறார். வந்து உட்கார்ந்ததும், “அம்மா, பேசுறாங்களே, எதாச்சும் வெளங்குதா உங்களுக்கு” என்றார். இல்லை என்றேன். “எனக்கும்தான். பரிசு இங்கிலீசுக்கு, முன் வரிசையில உக்கார வெச்சிருக்கிறது நம்ம ரெண்டு பேரை” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது. இதைப் போய் சொல்ல வீட்டில் ஆள் இல்லை என்று தொண்டைக்கு எப்படித்தான் தெரிகிறதோ, நமக்கு ஞாபகம் வருவதற்கு முன்னால் அதற்கு ஞாபகம் வந்துவிடுகிறது.

இங்கிலீஷ் விளங்காதுதான், ஆனால் சத்தம் விளங்கும். எமியின் அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் இருந்தவர், அவர் போய்ச் சேர்ந்த பிறகு எனக்குச் சினிமாக் கொட்டகையில் வேலை கொடுத்தார்கள், பெண்கள் பக்கத்துக் கதவில் டிக்கெட் கிழிக்கிற வேலை. கதவுக்கு உள்பக்கம் கறுப்புத் திரை தொங்கும், திரைக்கு இந்தப் பக்கம் ஸ்டூல், ஸ்டூலில் நான். படம் பார்க்க முடியாது, படத்தைக் கேட்கலாம். எத்தனை படம் கேட்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு இங்கிலீஷ் படம் போடுவார்கள், ரயில்வே காலனி ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரக் குடும்பங்கள் பூசை முடிந்து கவுனும் தொப்பியுமாக வரும், அதையும் திரைக்கு இந்தப் பக்கம் இருந்தே கேட்பேன். பேசுகிறவன் பொய் சொல்கிறான் என்று தெரியும். இந்தப் பெண் இனிமேல் திரும்பி வரமாட்டாள் என்று தெரியும், குரல் வாசற்படியில் நிற்கும் அல்லவா, அதை வைத்து. எமி சின்னப் பிள்ளை, என் காலடியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டே, “ம்மா, இப்ப என்ன நடக்குது” என்று கேட்கும். நான் சொல்வேன். அவள் உம் கொட்டுவாள். கதை சொன்னால் கேட்கிறவர் உம் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் சொல்கிறவளுக்குக் கதை நகராது, எங்கள் வீட்டில் அது சட்டம். “அவன் கப்பல்ல ஏறிட்டான்.” உம். “அவ கரையில நிக்கிறா.” உம். “கையசைக்கிறா.” உம் வராது. குனிந்து பார்த்தால் முறுக்குக் கை அப்படியே மடியில் கிடக்கும், பிள்ளை தூங்கியிருக்கும். உம் நின்றால் தூங்கிவிட்டாள் என்று அர்த்தம். அத்தோடு கதையை நிறுத்திவிடக் கூடாது, குரலை மட்டும் இறக்கி இறக்கி மெதுவாகக் கொண்டுபோய் முடித்துவிட வேண்டும், பாதியில் விட்டால் பிள்ளை கனவில் கரையிலேயே நிற்கும் என்று என் அம்மா சொல்வாள்.

பெரியவளானதும் எல்லாம் தலைகீழாகிப்போச்சு. மெட்ராஸில் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலை, வேலை விட்டு வந்து காலைக்கூடச் சரியாகக் கழுவாமல் அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிடுவாள், கேஸ் சிலிண்டர்தான் அவளுக்குச் சாய்மானம், மடியில் லேப்டாப். நான் அவரைக்காய் நாருரித்துக்கொண்டு இருப்பேன். முதலில் தமிழில் ஒரு பக்கம் வாசிப்பாள். “இப்ப நீ சொல்லு, ஒன் வாயால சொல்லு, எப்படிச் சொல்லுவ” என்பாள். சொல்வேன். அதற்கப்புறம் அவள் இங்கிலீஷில் எழுதினதை வாசிப்பாள், நான் உம் கொட்ட வேண்டும். “எனக்கு என்னடி தெரியும் இங்கிலீஷு.” “தெரியாதவதான் எனக்கு வேணும். தெரிஞ்சவங்க எல்லாம் அர்த்தத்தப் பாக்குறாங்க. நீ கொட்டாய்க்கு வெளிய இருந்து கேட்ட மாதிரி கேளு.” கேட்டேன். வருஷக் கணக்கில் அப்படிக் கேட்டேன். அந்தக் கதவுக்காரி இருக்கிறாளே, கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து மண்வீடு கரைந்துபோய், கதவு மட்டும் மிச்சம், கதவைத் தலையில் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடக்கிறவள், அவளை எனக்கு எமியைப் போலவே தெரியும். வழியில் இறக்கி இறக்கி வைத்து இளைப்பாறுவாள். ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் இங்கிலீஷில் ஒரே வாக்கியம்தான் வரும். ஷி புட் த டோர் டவுன். என் வாழ்க்கையில் எனக்கு முழுசாகத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். முதலில் வேறு என்னமோ எழுதியிருந்தாள், கடைசியில் இழுவையாக முடியும். “கதவு கனமால்ல இருக்கும், நீ என்ன பூக்கூடைய எறக்கி வைக்கிற” என்றேன். நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு டவுன் என்று முடித்து வாசித்தாள், தரையில் பொத்தென்று வந்து விழுந்தது. உம் என்றேன். “ம்மா, நீ உம் சொல்ற எடத்துல எல்லாம் நான் ஒரு எடம் விடுறேன்” என்றாள். விட்டாள். பக்கத்தைக் காட்டினாள், வரிக்கும் வரிக்கும் நடுவில் வெள்ளையாக இருந்தது. “இதெல்லாம் நீதான்” என்று விரலை வைத்துக் காட்டினாள். “காயைக் கருக விட்டுட்டேன்டி, போ” என்று எழுந்துவிட்டேன். கல்யாணம் பண்ணிக்கொள் என்று அன்றைக்கும் சொன்னேன். “இந்தக் கதவ எறக்கி வெச்சிட்டுப் பண்ணிக்கிறேன்” என்றாள்.

கண்ணாடி போட்ட ஒரு அம்மா மைக்கில் பேசுகிறார். நல்ல குரல், நேர்மையான குரல், சொல்வதை நம்பிச் சொல்கிறவர். எமல்டா எமல்டா என்று ரெண்டு மூன்று தடவை வந்தது. வந்தனா என் காதோரமாகக் குனிந்து, “ஆன்ட்டி, நடுவர் பேசுறாங்க. இந்த மொழிபெயர்ப்புல வார்த்தை மட்டும் இல்ல, மௌனம்கூட மொழிபெயர்ந்திருக்குன்னு சொல்றாங்க” என்றது. மௌனமா. மௌனம் எங்கே இருந்தது அந்த அடுக்களையில். மிக்சி ஓடும், கீழ் வீட்டுக்காரர் டி.வி. கத்தும், நான் உம் உம் என்று கொட்டிக்கொண்டிருப்பேன். அது மௌனம் இல்லையம்மா, அங்கே நான் இருந்தேன், என்று சொல்லத் தோன்றியது. பரவாயில்லை. அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும். புத்தகக் கம்பெனியில்கூட முதலில், ஏன் இப்படி அங்கங்கே ஓட்டையாக இருக்கிறது, அடைத்துவிடலாமா என்று கேட்டார்களாம். எமி போனில் சண்டை போட்டாள். அவள் சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லை, ஆட்டோக்காரரோடுகூடப் போடமாட்டாள். வந்தனாவிடம்தான் போட்டிருக்கிறாள் போல, காலையில் இட்லி தின்னும்போது இந்தப் பெண்ணே சொன்னது, “அவங்க என்னைத் திட்டினது அந்த ஒரு தடவைதான் ஆன்ட்டி” என்று. சொல்லிவிட்டு இட்லியைப் பிட்டுக்கொண்டே இருந்தது, தின்னவில்லை.

அடுத்தது வாசிப்பு, அதற்கடுத்தது பரிசு, நான் மேலே போய் வாங்க வேண்டும். பரிசை வாங்கிவிடலாம், அது கண்ணாடியோ வெங்கலமோ, கையில் கொடுத்தால் பிடித்துக்கொள்ளலாம். வாசிப்புக்குத்தான் பயம். எமியின் அப்பாவுக்கு ஒரு தம்பி, அந்தோணி. ரெண்டு பேருக்கும் ஒரே குரல், பக்கத்து அறையில் இருந்து பேசினால் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவர் இறந்து முப்பதாம் நாள் பூசைக்கு அந்தோணி வந்தான், பாவம், நல்லவன், அண்ணியைத் தனியாக விடக் கூடாது என்று தங்கி, என்னைத் தேற்றுவதற்காகப் பேசினான், பேசினான், பொழுது முழுக்கப் பேசினான். அவன் ஊருக்குப் போன பிறகு அவர் என்னைக் கூப்பிடுகிற மாதிரி மனசுக்குள் கூப்பிட்டுப் பார்த்தேன். அந்தோணி கூப்பிட்டான். மறுபடியும் பார்த்தேன். அந்தோணிதான். இருபத்தைந்து வருஷமாக அந்தோணிதான் கூப்பிடுகிறான். அவர் குரல் போன இடம் தெரியவில்லை. ஒரு குரலுக்கு மேல் இன்னொரு குரல் பட்டால் கீழே இருக்கிறது நிற்காது. கோலத்தின் மேல் தண்ணீர் மாதிரியா, இல்லை, தண்ணீர் பட்டாலும் கறை இருக்கும், இதில் கறைகூட இருக்கவில்லை. எமியின் குரல் போனில் இருக்கிறது. “ம்மா, பால்காரர் வந்தா நாளைக்கு ரெண்டு பாக்கெட்டுன்னு சொல்லு.” “ம்மா, லேட்டாகும், நீ சாப்பிடு.” திருச்சியில் தங்கச்சி வீட்டு மாடியில் உட்கார்ந்து அதைத்தான் போட்டுப் போட்டுக் கேட்கிறேன், பால்காரருக்கு நூறு தடவை ரெண்டு பாக்கெட் சொல்லியாயிற்று. ஆனால் அது அவசரக் குரல், செருப்பு மாட்டிக்கொண்டே பேசுகிற குரல். சிலிண்டரில் சாய்ந்து வாசிப்பாளே, ஒரு வரியை வைத்துவிட்டு அடுத்த வரியை எடுப்பதற்குள் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு எடுப்பாளே, அந்தக் குரலை யாரும் பிடித்து வைக்கவில்லை. தினம் வருகிற குழாய்த் தண்ணீரை யார் பிடித்து வைப்பார்கள். “மெட்ராசுல எல்லாரும் பிடிச்சுத்தாம்மா வைப்பாங்க” என்று அவள் சொல்லியிருப்பாள். அந்த வாசிக்கிற குரல் ஒன்றுதான் என் காதுக்குள் மட்டும் இருக்கிறது. இப்போது ஒரு பெண் வந்து, அதே வரிகளை, அதே சத்தங்களை, அவள் வாயால் வாசிக்கப்போகிறது. ஷி புட் த டோர் டவுன் என்று வாசிக்கும். ராத்திரி படுத்துக்கொண்டு எமியைக் கூப்பிட்டால் அது வந்து வாசிக்கும். மாதாவே, எனக்கு இன்னொரு அந்தோணி வேண்டாம்.

போய்விடலாம் என்று எழுந்தேன். “பாத்ரூம் எங்கம்மா” என்றதும் வந்தனா கூடவே எழுந்தது, நானே போய்க்கொள்கிறேன் என்று வந்துவிட்டேன். வெளியே நடைவழியில் குளிர் இல்லை, மூச்சு வந்தது. இப்படியே வாசலுக்குப் போய் ஒரு ஆட்டோ பிடித்தால் எழும்பூர். பரிசை வந்தனா வாங்கிக்கொள்ளட்டும். பாத்ரூமில் கண்ணாடிக்கு முன்னால் ஒரு பெண் கையில் புத்தகத்தோடு உதட்டை அசைத்துக்கொண்டு நின்றது, கைத்தறிப் புடவை, மூக்கில் வெள்ளி வளையம். என்னைப் பார்த்ததும் திரும்பி, “நீங்க எமல்டா மேடம் அம்மாதானே” என்றது. “நான்தாம்மா வாசிக்கப் போறேன். நாடகத்துல நடிக்கிறேன். தமிழ் நல்லாப் பேசுவேன், ஆனா படிக்கத் தெரியாது, சாரி.” அதுக்கு எதுக்குச் சாரி, எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, சரியாப் போச்சு, என்றேன். சிரித்தது. நல்ல சிரிப்பு, பல் கொஞ்சம் எத்தினாப் போல. குரலைத்தான் உற்றுக் கேட்டேன். தடித்த குரல், எமியுடையது மெல்லிசு. தடித்ததாக இருப்பது நல்லதா கெட்டதா. அந்தோணி குரல் ஒரே மாதிரி இருந்ததால்தான் அழித்தது, இது வேறே மாதிரி இருப்பதால் அழிக்காதோ, இல்லை, தடித்தது மெல்லிசின் மேல் பட்டால் இன்னும் சீக்கிரம்... “அம்மா, ஒரு டவுட்டு” என்று அது புத்தகத்தை என் பக்கமாகத் திருப்பிக் காட்டியது. வெள்ளை வெள்ளையாக இடம் விட்ட பக்கம். “இங்க எல்லாம் நிறுத்தி வாசிக்கணும்னு தெரியுது. எவ்வளவு நேரம் நிக்கணும்னுதான் தெரியல. வேகமாப் போனா தப்பா இருக்கு, ரொம்ப நின்னா நான் வரிய மறந்துட்ட மாதிரி இருக்கு. மேடம் வீட்ல எப்படி வாசிப்பாங்க?” ஒரு உம் சொல்கிற நேரம், அவ்வளவுதான் பாப்பா. வாய்க்குள் வந்துவிட்டது. சொன்னால் இது சரியாக வாசித்துவிடும். சரியாக வாசித்தால் எமி மாதிரி ஆகிவிடும். “எனக்குத் தெரியாதும்மா” என்றேன். குழாயைத் திறந்து கையை நீட்டினேன். அது, “பரவால்லமா, பாத்துக்கறேன்” என்று என் தோளைத் தொட்டுவிட்டுப் போனது. கை ஈரத்தோடு நடைவழியில் நின்றேன். வாசல் இடது பக்கம். வலது பக்கம் அரங்கத்துக் கதவு, கதவுக்கு உள்ளே கறுப்புத் திரை. திரையைப் பார்த்ததும் கால் அதுபாட்டுக்கு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாலும் எனக்குக் கேட்கும், அதுதானே என் தொழில். ஓடினாலும் கேட்கும். திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். திருவேங்கடம் ஐயா காலை ஒதுக்கி வழிவிட்டு, “வந்துட்டீங்களா, நீங்க கெளம்பிட்டீங்கன்னு நெனச்சேன். நானும் ஒங்க பின்னாடியே கெளம்பிரலாம்னு இருந்தேன்” என்றார். என் பக்கம் சாயாமல் மேடையைப் பார்த்துக்கொண்டே, “எங் கதவ அம்புட்டுத் தொலவு தூக்கிட்டுப் போச்சு ஒங்க பொண்ணு. எறக்கி வெக்கிறப்ப அது இல்ல” என்றார். பிறகு மெஷினைத் திருகினார்.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அந்தப் பெண் ஏறுகிறது. கைக்குட்டை முடிச்சை அவிழ்த்துவிட்டேன். பஞ்சு உள்ளங்கையில் இருக்கிறது, ரெண்டும். விளக்கைக் குறைத்தார்கள். எமி கிடந்த ஆஸ்பத்திரியில்கூட மத்தியானம் இப்படித்தான் திரையை இழுத்து விடுவார்கள், வெயில் மஞ்சளாகத் தெரியும். எமி மூணு நாளாகத் தூங்கவில்லை. மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் போட்டிருந்தது, பேச முடியாது, கண்ணால் என்னைப் பார்த்தாள், கையைத் தலைக்கு மேல் தூக்கி எதையோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி காட்டினாள். கதவு. கதவுக்காரியைச் சொல் என்கிறாள். “அதை ஒன் இங்கிலீசுல நீயே சொல்லேன்டி” என்று கேலி பண்ணினேன், கண் சிரித்தது. சொன்னேன். என் வாயால், தமிழில். வெள்ளம் வந்தது. என் மணிக்கட்டில் அவள் விரல் இருந்தது, லேசாக ஒரு தட்டு. அதுதான் உம். வீடு கரைந்தது. தட்டு. கதவு மட்டும் நின்றது. தட்டு. கரை மேலே ஏறிக் கதவை இறக்கி வைத்தாள். தட்டு. டீக்கடைக்காரன் பார்த்தான், கதவு இருக்கே வீடு எங்க என்றான், இவள் சொன்னாள்... அங்கே எப்போதும் அவள் சிரிப்பாள், விரல் கொஞ்சம் அழுத்தினாப் போல இருந்தது. அப்புறம் அண்ணன் தெரு. அப்புறம் தட்டு வரவில்லை. குனிந்து பார்த்தேன், கண் மூடியிருந்தது, நெற்றிச் சுருக்கம் போயிருந்தது. அப்பாடா, தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். வேறு என்ன நினைப்பேன். பிறந்ததிலிருந்து எனக்கு அதுதானே தெரியும். குரலை இறக்கினேன், இறக்கி இறக்கி, கதையைப் பாதியில் விடாமல், அண்ணன் வாசல் வரைக்கும் கொண்டுபோய் முடித்தேன். போர்வையைத் தோள் வரைக்கும் இழுத்துவிட்டேன். நர்ஸ் செருப்புச் சத்தத்தோடு உள்ளே வந்தது, நான் வாயில் விரலை வைத்து உஸ் என்று காட்டினேன். இப்போதான் தூங்குது, சத்தம் போடாதே என்று கையால் காட்டினேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது, எமியைப் பார்த்தது, மறுபடி என்னைப் பார்த்தது. பிறகு மெதுவாக, நான் சொன்னதுக்காகவே, சத்தம் போடாமல் நடந்து கிட்டே வந்தது.

வாசிக்க ஆரம்பித்துவிட்டது. பஞ்சு கையில்தான் இருக்கிறது, கை மேலே போக மாட்டேன் என்கிறது. வேகமாக வாசிக்கிறது, பயத்தில் வேகம், தடித்த குரல் வழுக்கி வழுக்கி ஓடுகிறது, வெள்ளம் வந்துவிட்டது, வீடு கரைந்துவிட்டது, எனக்குத் தெரிந்த சத்தங்கள் எல்லாம் வேறு யாரோ உடுத்திக்கொண்ட எமியின் சுடிதார் மாதிரி என்னைத் தாண்டிப் போகின்றன. நல்லது, வேகமாகவே போய்விடு, எதையும் தொடாமல் போய்விடு. கரை ஏறுகிறாள். ஷி புட் த டோர் டவுன். நின்றது. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று தெரியாமல் நின்றது, புத்தகத்தில் இருக்கிற வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றது, அந்த இடம் அப்படியே காலியாக, எனக்காக எடுத்து வைத்த சாப்பாட்டுத் தட்டு மாதிரி... உம். நான் சொல்லவில்லை. வாய் சொல்லியது. நல்ல சத்தமாகவே சொல்லியது, மிக்சி ஓடும்போது சொல்கிற சத்தம். பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பினார்கள். வந்தனா என் கையைப் பிடித்தது. முகமெல்லாம் சுடுகிறது, கொட்டகையில் யாராவது நடுவில் பேசினால் நான்தான் டார்ச் அடித்து அடக்குவேன். மேடையில் அந்தப் பெண் தலையைத் தூக்கிப் பார்த்தது. இருட்டில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தது. அதன் தோள் கொஞ்சம் இறங்கியது. பிறகு அடுத்த வரியை எடுத்தது, வேகம் இல்லாமல்.

டீக்கடை. எனக்குத் தெரியும் இங்கே என்ன வருகிறது. கதவு இருக்கே, வீடு எங்க. பின்னாடி வருது, என்பாள். அந்தப் பதிலுக்கு எமி எத்தனை சாயங்காலம் மல்லுக்கட்டினாள், மாற்றி மாற்றி வாசிப்பாள், என் முகத்தைப் பார்ப்பாள், நான் சிரிக்க வேண்டும், வார்த்தை புரியாமல் சத்தத்துக்கே சிரிக்க வேண்டும். ஒரு நாள் சிரித்தேன். லேப்டாப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று ஆடினாள். இப்போது அந்த வரி வந்தது, அரங்கம் முழுக்கச் சிரித்தது, எத்தனை ஊர்க்காரர்களோ, முன்னால் பேசின அந்தக் கண்ணாடிக்கார அம்மாவும் சிரித்தார், எமி, கேட்டியா, சிரிக்கிறார்கள்டி. ஷி புட் த டோர் டவுன். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன், இந்தத் தடவை வராது, வர விடமாட்டேன். “உம்.” பக்கத்தில் இருந்து வந்தது. திருவேங்கடம் ஐயா. மேடையைப் பார்த்தபடியே, தன் கதையைத் தானே முதல் தடவை கேட்கிற மாதிரி, மெதுவாகச் சொன்னார். அந்தப் பெண் ஒரு தலையசைப்போடு அடுத்த வரியை எடுத்தது. அதற்குத் தெரிந்துவிட்டது எவ்வளவு நேரம் என்று. நான் மறைத்ததை என் வாயே கொடுத்துவிட்டது. எமி எங்கே. காதுக்குள் பார்க்கிறேன். சிலிண்டர் இருக்கிறது, அவரைக்காய் இருக்கிறது, உதடு அசைகிறது, சத்தம் யாருடையது என்று நிச்சயமாகத் தெரியவில்லை, மெல்லிசா தடித்ததா, ரெண்டும் ஒன்றன்மேல் ஒன்று, இன்னும் கொஞ்சம் நேரம், இன்னும் கொஞ்சம் நேரம் நில்லுடி.

அண்ணன் தெரு வந்துவிட்டது. அண்ணி வாசலில் நிற்கிறாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. வெளிச் சுவரில் கதவைச் சாய்க்கப்போகிறாள், சாய்த்துவிட்டு அதற்கு முன்னால், வீட்டுக்குள்ளே இருக்கிறவளைப் போல உட்காரப்போகிறாள். கடைசி வாக்கியம் அதேதான். ஷி புட் த டோர் டவுன். அந்தப் பெண் புத்தகத்தை மூடாமல் என் பக்கம் பார்க்கிறது. நிற்கிறது. காத்திருக்கிறது, கதையை முடிக்க என் உம் வேண்டும் என்று சட்டம் தெரிந்த பிள்ளை மாதிரி. திருவேங்கடம் ஐயாவும் சொல்லவில்லை, என்னிடம் விட்டுவிட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். சொல்ல மாட்டேன். அடுக்களையில் சில நாள் அசதியில் எனக்குக் கண் சொக்கிவிடும், உம் சொல்லத் தவறிவிடுவேன். எமி லேப்டாப்பில் இருந்து தலையைத் தூக்காமலேயே கேட்பாள், “ம்மா, தூங்கிட்டியா?” அதுதான் வேண்டும். அதை இந்தப் பெண் வாசிக்க முடியாது, அது எந்தப் புத்தகத்திலும் இல்லை, எந்தப் பரிசுக்குள்ளும் இல்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் அவள் கேட்டாக வேண்டும். எத்தனை வருஷத்துப் பழக்கம், எங்கே இருந்தாலும் கேட்டாக வேண்டும். கேளு. கேளுடி. அரங்கம் காத்துக்கொண்டிருக்கிறது, நானும் காத்துக்கொண்டிருக்கிறேன், ஏ.சி. மட்டும் ஓடுகிறது.

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள், மழை தகரத்தில் விழுகிற மாதிரி, அந்தச் சத்தத்துக்குள் அவள் கேட்டிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. விளக்கைப் போட்டுவிட்டார்கள். மைக்கில் எமல்டா சகாயமேரி என்று கூப்பிடுகிறார்கள், அப்பா பேரை விட்டுவிட்டு என் பேரைச் சேர்த்து வைத்துக்கொண்டவள், இப்போது கூப்பிட்டால் நான்தான் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. வந்தனா என் முழங்கையைத் தூக்குகிறது. “ஆன்ட்டி, வாங்க ஆன்ட்டி, கூப்பிடுறாங்க.” எழுந்தேன். உள்ளங்கையில் இருந்த பஞ்சு கீழே விழுந்தது.

“தூங்கலடி” என்றேன்.

“என்ன ஆன்ட்டி?” என்றது வந்தனா.